பழைய ஜாய்ஸ்டிக், புது யூஎஸ்பி: கன்வர்ட்டர் வாங்குவதற்கு முன்னால்

கோயம்புத்தூருக்கும் கார் ரேஸுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, நரேன் கார்த்திகேயனின் ஊர் இது. அதனாலோ என்னவோ, இந்தப் பக்கம் பழைய கேமிங் சாமான் கைமாறும்போது ஸ்டீயரிங் வீலும் பெடலும் கண்ணில் படாமல் போவதில்லை. கூடவே 15 பின் ஜாய்ஸ்டிக், பிளேஸ்டேஷன் 2 பேடு, டிவி கேம் ரிமோட் என்று பரணில் இருந்ததெல்லாம் இறங்கி வரும். புது லேப்டாப்பில் இருப்பதோ இரண்டு டைப்-சி, ஒரு நீல யூஎஸ்பி. "அண்ணா, இதுக்கு கன்வர்ட்டர் இருக்குங்களா?" என்று கேட்டால் காந்திபுரத்தில் எந்தக் கடையிலும் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். பிளக் கச்சிதமாகப் பொருந்தும். வேலை செய்யாது.

காரணம் எளிது. கன்வர்ட்டர் என்ற பேரில் விற்பவை இரண்டு சாதி. ஒன்றில் உள்ளே வெறும் வயர்தான்: இந்தப் பக்கத்துப் பின் அந்தப் பக்கத்துப் பின்னோடு நேராகச் சேரும். இன்னொன்றில் ஒரு சிப் உட்கார்ந்து பழைய சாதனத்தின் சிக்னலை வாங்கி, யூஎஸ்பிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். பழைய சாதனத்துக்குள்ளேயே யூஎஸ்பி தெரிந்திருந்தால் வயர் போதும். தெரியாவிட்டால் சிப் வேண்டும். ஆகவே கடையில் கேட்க வேண்டியது "இது சிப் வெச்சதுங்களா, வெறும் வயருங்களா?" என்பது மட்டும்தான். "அதெல்லாம் ஓடுமுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று பதில் வந்தால், கம்ப்யூட்டரில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். சாதனம் எதையும் மாட்டாமல் கன்வர்ட்டரை மட்டும் செருகும்போதே விண்டோஸ் 'டிங்' என்று சத்தம் கொடுத்து டிவைஸ் மேனேஜரில் ஒரு வரி கூடினால் உள்ளே சிப் இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் அது அநேகமாக வயர்தான்.

இதற்கு நல்ல உதாரணம் ஆபீஸ்களில் தட்டித் தட்டிப் பழகிய டிவிஎஸ் கோல்டு கீபோர்டு. அதன் பழைய மாடல்கள் ஊதா நிற வட்டப் பிளக்கோடு, அதாவது பிஎஸ்/2வோடு வந்தவை. மெக்கானிக்கல் கீ என்பதால் கேம் ஆட இன்றைக்கும் ஆள் தேடி வாங்குகிறார்கள். மவுசோடு இலவசமாக வந்த பச்சை அல்லது ஊதா நிறச் சின்ன அடாப்டர் வெறும் வயர். பிஎஸ்/2, யூஎஸ்பி இரண்டும் தெரிந்த கீபோர்டுகளுக்கும் மவுஸ்களுக்கும் மட்டுமே அது ஆகும். பிஎஸ்/2 மட்டும் தெரிந்த கீபோர்டை அதில் மாட்டினால் நம்லாக் விளக்கு ஒருமுறை மின்னலாம், ஏனென்றால் 5 வோல்ட் போய்ச் சேருகிறது. எழுத்து விழாது. ஒரு யூஎஸ்பி பிளக்கிலிருந்து ஊதா ஒன்று, பச்சை ஒன்று என்று இரண்டு வால் பிரியும் கன்வர்ட்டர்தான் சிப் வைத்தது. அதிலும் மலிவானவை ஒரே நேரத்தில் ஆறு கீக்கு மேல் அனுப்பாது. ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை இந்தக் கணக்கில் சேராது என்பதால் ஒருவர் ஆடும்போது தெரியாது. ஒரே கீபோர்டில் இரண்டு பேர் சண்டை கேம் ஆடினால் உடனே தெரியும்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் கன்ட்ரோலர் பிளக் எதிலும் பொருந்தாது. ஆனால் உள்ளே ஓடுவது யூஎஸ்பிதான். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளை டி மைனஸ், பச்சை டி பிளஸ் (இவை இரண்டும் டேட்டா வயர்). மஞ்சள் வயரைத் தொடாமல் டேப் சுற்றி விட்டுவிட்டு, மற்ற நாலையும் ஒரு பழைய யூஎஸ்பி கேபிளின் அதே நிறங்களோடு சேர்த்தால் மின் இணைப்பு முடிந்தது. கேபிளின் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சேருங்கள். சாதாரண கேம்பேடாக அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளாது என்பதால் விண்டோஸில் தனி டிரைவர் வேண்டும். லினக்ஸில் எக்ஸ்பேடு டிரைவர் கூடவே வருகிறது.

இனி 15 பின் ஜாய்ஸ்டிக். விஷயம் நிறைய இருப்பது இதில்தான்.

1981இல் ஐபிஎம் முதல் பிசியோடு வந்த கேம்போர்ட் (இந்த 15 பின் பிளக்கைச் செருகும் போர்ட்), பிறகு சவுண்ட் கார்டுகளில் ஒட்டிக்கொண்டு 2000 வாக்கில் வரை வந்தது. விண்டோஸ் விஸ்டாவோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஜாய்ஸ்டிக்குக்குள் இருப்பது நாம் ஆம்ப்ளிஃபயரில் பார்க்கிற அதே வால்யூம் கன்ட்ரோல்தான்: ஓர் அச்சுக்கு ஒரு 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர். குச்சியைச் சாய்த்தால் ரெசிஸ்டன்ஸ் மாறும். அதன் வழியாக ஒரு கப்பாசிட்டரைச் சார்ஜ் ஏற்றி, எத்தனை மைக்ரோ செகண்ட் ஆகிறது என்று கம்ப்யூட்டரே எண்ணும். 0 ஓம் என்றால் சுமார் 24 மைக்ரோ செகண்ட், 100 கிலோ ஓம் என்றால் சுமார் 1,124. அவ்வளவுதான் அதன் 'டிஜிட்டல்'. எண்ணும் வேலையைச் செய்ய ஆள் இல்லாத யூஎஸ்பி போர்ட்டில் இதை வயரால் சேர்த்து என்ன ஆகப் போகிறது?

விதிவிலக்காக, மைக்ரோசாஃப்ட் சைட்வைண்டர் பிரிசிஷன் ப்ரோவின் ஒரு பதிப்புக்கு வெறும் வயர் அடாப்டர் பெட்டியிலேயே வந்தது. அந்த ஜாய்ஸ்டிக்குக்கு இரண்டு பாஷையும் தெரியும். அந்த அடாப்டர் மட்டும் தனியாகக் கிடைத்தால் வேறு ஜாய்ஸ்டிக்குக்கு ஆகும் என்று வாங்கிவிடாதீர்கள்.

கையில் இருப்பது அனலாக்கா டிஜிட்டலா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். 200 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து, பிளக்கின் 1ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் தொட்டுக்கொண்டு குச்சியை இடமிருந்து வலம் சாய்க்க வேண்டும். எண் சீராக ஏறி இறங்கினால் அனலாக். 1க்கும் 6க்கும் இடையில் முன்பின் அச்சு. எண் அசையவே இல்லை, ஆனால் குச்சி நன்றாகத்தான் இருக்கிறது என்றால் அது சைட்வைண்டர் மாதிரி டிஜிட்டல் ரகம். அதற்குக் கீழே சொல்லும் வழி ஆகாது. எண் நடுவில் திடீரென்று குதித்தால் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு.

அனலாக் ரகத்துக்குச் சிப் வைத்த கன்வர்ட்டரை ஆன்லைனில் தேடி வாங்கலாம். கோவையில் இருந்துகொண்டு அதைவிடச் சுலபமான வழி, நாமே செய்துகொள்வது. திரும்பின பக்கமெல்லாம் இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிற ஊர், புராஜெக்ட் பார்ட்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வேண்டியவை: ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோ போர்டு (நாமே புரோகிராம் ஏற்றிக்கொள்ளும் சின்னச் சர்க்யூட்) ஒன்று, 15 பின் பெண் சாக்கெட் ஒன்று, 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் நாலு, 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கப்பாசிட்டர் நாலு, கொஞ்சம் வயர்.

வாங்கும்போதே தவறக்கூடிய இடம் மூன்று. "நானோவே போதும் தம்பி" என்பார்கள், போதாது. நானோ என்ற இன்னொரு ஆர்டுயினோவில் இருக்கும் சிப்புக்குத் தன்னை ஜாய்ஸ்டிக் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளத் தெரியாது, சீரியல் போர்ட்டாக மட்டும்தான் தெரியும். ஏடிமெகா 32யூ4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோவோ லியோனார்டோவோதான் வேண்டும். ப்ரோ மைக்ரோவிலும் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று இரண்டு வரும். 5 வோல்ட் 16 மெகாஹெர்ட்ஸ் ரகத்தைக் கேளுங்கள். சாக்கெட்டைப் பொறுத்தவரை, '15 பின்' என்று மட்டும் சொன்னால் விஜிஏ சாக்கெட் வந்துவிடும். விஜிஏவில் ஐந்து ஐந்தாக மூன்று வரிசை. நமக்கு வேண்டியது எட்டும் ஏழுமாக இரண்டு வரிசை.

இணைப்பு இப்படி. சாக்கெட்டின் 1, 8, 9 மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் போர்டின் விசிசிக்குக் (5 வோல்ட்) கொடுக்கவும். சில ஜாய்ஸ்டிக்கில் இரண்டாவது ஜோடி அச்சுக்கு 5 வோல்ட் 9இல் இருந்து போகும், அதனால்தான் மூன்றையும் சேர்க்கிறோம். 4, 5 இரண்டும் கிரவுண்ட். 3, 6, 11, 13 வரிசையாகப் போர்டின் அனலாக் பின்களான ஏ0, ஏ1, ஏ2, ஏ3க்கு. பட்டன்கள் 2, 7, 10, 14 போர்டின் டிஜிட்டல் 2, 3, 4, 5க்கு. புரோகிராமில் உள் புல்-அப் (சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டர்) போட்டுவிட்டால் தனி ரெசிஸ்டர் வேண்டாம். 12, 15 இரண்டும் சவுண்ட் கார்டு காலத்தில் மிடிக்கு (இசைக் கருவி இணைப்பு) போனவை, சும்மா விட்டுவிடலாம். ஏ0 முதல் ஏ3 வரை ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 47 கிலோ ஓம், அதன் பக்கத்திலேயே ஒரு 104.

அந்த 104 அலங்காரத்துக்கு இல்லை. இந்தச் சிப்பின் அனலாக் உள்ளீடு 10 கிலோ ஓமுக்குள் இருக்கும் மூலத்தை எதிர்பார்த்துச் செய்தது. நம்முடையது 30 கிலோ ஓம் தாண்டும். கப்பாசிட்டர் இல்லாவிட்டால் ஓர் அச்சை அசைக்கும்போது பக்கத்து அச்சும் கொஞ்சம் ஆடும். விமானம் நேராகப் போகாமல் தள்ளாடும்.

அடுத்த சிக்கல் கணக்கில் வரும். ரெசிஸ்டரோடு சேர்த்து அளக்கும்போது எண் சீராக ஏறாது. குச்சி ஒரு கோடியில் (100 கிலோ ஓம்) இருந்தால் 327, நடுவில் (50 கிலோ ஓம்) 496, மறுகோடியில் 1023. பாதித் தூரத்துக்கு 169 படி, மீதிப் பாதிக்கு 527. இதை அப்படியே அனுப்பினால் ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் வெடுக்கென்றும் திரும்பும். கம்ப்யூட்டரில் எத்தனை கேலிப்ரேஷன் செய்தாலும் முழுசாகச் சரியாகாது. ஆகவே புரோகிராமிலேயே ரெசிஸ்டன்ஸைத் திருப்பிக் கண்டுபிடிக்க வேண்டும்: 1023ஐப் படித்த எண்ணால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 47ஆல் பெருக்கினால் கிலோ ஓம் கிடைக்கும். 496க்குப் போட்டுப் பாருங்கள், 50க்கு ஒட்டி வரும். தசமக் கணக்காகப் போட மறக்க வேண்டாம். முழு எண்ணாகப் போட்டால் வகுக்கும்போதே துல்லியம் போய்விடும். கிடைத்த கிலோ ஓமை 0 முதல் 100 வரை என்று வைத்து ஆர்டுயினோவின் ஜாய்ஸ்டிக் லைப்ரரிக்குக் (தயாராகக் கிடைக்கும் புரோகிராம்) கொடுத்தால் அச்சு ஒழுங்காக நகரும்.

சிலர் ஜாய்ஸ்டிக்கைத் திறந்து பொட்டென்ஷியோமீட்டரின் மூன்றாவது காலைக் கிரவுண்டில் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் 47 கிலோ ஓமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், 0 முதல் 5 வோல்ட் வரை சீராக வரும். நல்ல வழிதான். ஆனால் முதலில் அந்த மூன்றாவது கால் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஜாய்ஸ்டிக்கில் அதை நடுக்காலோடு சேர்த்துச் சால்டர் வைத்திருப்பார்கள். அதைப் பிரிக்காமல் கிரவுண்ட் கொடுத்தால், குச்சி ஒரு கோடிக்குப் போகும்போது 5 வோல்ட் நேராகக் கிரவுண்டில் இறங்கும். நல்ல மதர்போர்டு என்றால் போர்ட்டை அணைத்துக்கொள்ளும். இல்லையென்றால் கரிந்த வாசம்தான் தகவல் சொல்லும்.

பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருந்தால் முதலில் கான்டாக்ட் கிளீனரோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ ஒரு பீச்சு விட்டு, இருபது தடவை முழுத் தூரமும் ஆட்டுங்கள். வண்டிச் செயினுக்கு அடிக்கிற ஸ்பிரேயை விட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி முன்னைவிட மோசமாகும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பி100கே என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயர் வால்யூமுக்கு என்று கேட்டால் ஏ100கே கொடுத்துவிட வாய்ப்புண்டு. அது பாட்டுச் சத்தத்துக்கு ஏற்ற ஏற்றம், ஜாய்ஸ்டிக்குக்கு ஆகாது.

இன்னொன்று: தலையில் நாலு பக்கமும் தள்ளுகிற சின்னத் தொப்பிப் பட்டன் உள்ள ஜாய்ஸ்டிக்குகள். சிஎச் ஃபிளைட்ஸ்டிக் ப்ரோ அதைப் பல பட்டன்களை ஒரே நேரத்தில் அமுக்கிய மாதிரி அனுப்பும். த்ரஸ்ட்மாஸ்டரின் எஃப்சிஎஸ் நாலாவது அச்சில் ஐந்து படியாக அனுப்பும். தொப்பியைத் தொட்டதும் குண்டு பொழிகிறது என்றால் போர்டு கெட்டுவிடவில்லை, புரோகிராமில் அந்தச் சேர்க்கையைப் பிரித்துப் படிக்கவில்லை என்று பொருள்.

பிளேஸ்டேஷன் 2 பேடுக்குச் சிப் வைத்த கன்வர்ட்டர் எங்கும் கிடைக்கும், பெரும்பாலும் ஓடும். அனலாக் பட்டனை அமுக்கிச் சிவப்பு விளக்கு எரியவிட்ட பிறகுதான் குச்சிகள் வேலை செய்யும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டான்ஸ் மேட் மாட்டுபவர்கள் கவனிக்க: நாலு அம்புக்குறிகளையும் கன்வர்ட்டர் ஒரே திசைக் காட்டியாக மாற்றி அனுப்பினால், இடதும் வலதும் சேர்த்து மிதிப்பதை அதனால் சொல்லவே முடியாது. அம்புகளைத் தனித்தனிப் பட்டனாக அனுப்பும் கன்வர்ட்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

கேசட் போடுகிற டிவி கேமின் 9 பின் ரிமோட்டையும் அதே ப்ரோ மைக்ரோவில் கொண்டுவரலாம். ஐந்து வயர்தான்: 5 வோல்ட், கிரவுண்ட், லேட்ச், கிளாக், டேட்டா. லேட்ச் கொடுத்துவிட்டு எட்டு முறை படித்தால் ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் வரும். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். திறந்து பார்த்தால் 4021 சிப் இருக்கிறதா? இருந்தால் 16 விசிசி, 8 கிரவுண்ட், 9 லேட்ச், 10 கிளாக், 3 டேட்டா என்று பிடித்துக்கொண்டு போய்விடலாம். சிப்பின் மேல் கறுப்புப் பசைப் பொட்டு வைத்து மூடிய ரகமென்றால் போர்டிலேயே பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். கூட வந்த வாத்து சுடும் துப்பாக்கியை மட்டும் விட்டுவிடுங்கள். அது பழைய டப்பா டிவியின் திரை மின்னுவதை நம்பிச் செய்தது. எல்சிடி முன்னால் எந்தக் கன்வர்ட்டரும் அதைப் பிழைக்க வைக்காது.

அடுத்து, ஏற்கனவே யூஎஸ்பி பிளக் உள்ள பழைய வீல், பேடு. இவை புது லேப்டாப்பில் 'யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று முரண்டு பிடிக்கும்போது ஆள் ஆளுக்கு டிரைவரைத்தான் தேடுவார்கள். முதலில் ஒரு சாதாரண யூஎஸ்பி 2.0 ஹப்பை நடுவில் மாட்டிப் பாருங்கள். நீல போர்ட்டுக்குள்ளும் பழைய டி பிளஸ், டி மைனஸ் வயர்கள் அப்படியே இருக்கின்றன, வேகம் அதிகமென்பது பிரச்சினை இல்லை. கம்ப்யூட்டருக்குள் பின்னால் இருக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர் சிப் மாறிவிட்டது. 1.5, 12 மெகாபிட் வேகத்தில் பேசும் பழைய சாதனங்களில் சில அதனோடு ஒத்துப்போவதில்லை. 2.0 ஹப்புக்குள் இந்த இரண்டு வேகத்தையும் 480க்கு மாற்றித் தரும் ஏற்பாடு இருக்கிறது, கம்ப்யூட்டர் ஹப்போடு மட்டும் பேசினால் போதும். 3.0 ஹப் வாங்கினால் நல்லது என்று காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. வைப்ரேஷன் உள்ள பேடுகளுக்குத் தனி பவர் அடாப்டர் போடும் ஹப்பாக இருந்தால் மேல்.

வயர்லெஸ் பேடின் டாங்கிளை நீல போர்ட்டில் நேராகச் செருகி, பக்கத்திலேயே ஹார்ட் டிஸ்க்கும் ஓடினால் பட்டன் விட்டு விட்டு வேலை செய்யும். யூஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

டைப்-சி போர்ட்டுக்கு சி ஆண், ஏ பெண் அடாப்டர் போதும். தொல்லை வருவது, உடைந்த பழைய சாக்கெட்டை எடுத்துவிட்டு டைப்-சி சாக்கெட் வைத்துக் கொடுக்கும் ரிப்பேரில். அந்தச் சாக்கெட்டின் சிசி1, சிசி2 என்ற பின்கள் இரண்டிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனி 5.1 கிலோ ஓம் வைத்தால்தான் சி-டு-சி கேபிளில் லேப்டாப் கரண்டை விடும். வைக்காவிட்டால் ஏ-டு-சி கேபிளில் ஓடும், சி-டு-சியில் செத்த மாதிரி கிடக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வைப்பதும் தப்பு, சில கேபிள்களில் வேலை செய்யாது.

லாஜிடெக்கின் ஜி25, ஜி27 வீல் வாங்குபவர்கள் "ஸ்டீயரிங் பக்கத்துக்குக் கால் சுற்றுதான் திரும்புது, கிளட்ச் வரலை" என்று விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பழைய கேம்களுக்காக அது முதலில் தன்னை டிரைவிங் ஃபோர்ஸ் என்ற சாதா வீல் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் அடையாள எண் 046டி, சி294 என்று காட்டும். லாஜிடெக் கேமிங் சாஃப்ட்வேர் ஏறியதும் ஜி25 சி299 ஆகவும், ஜி27 சி29பி ஆகவும் மாறி 900 டிகிரி திறக்கும். லினக்ஸில் கெர்னலே இந்த மாற்றத்தைச் செய்துவிடும், டிகிரி மாற்ற ஓவர்ஸ்டீயர் என்ற செயலி இருக்கிறது.

சிடியில் வந்த டிரைவரை விண்டோஸ் 11 ஏற்காமல் போனால், கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டியை (தப்பான டிரைவர் ஏறாமல் தடுக்கும் விண்டோஸ் பாதுகாப்பு) அணைக்கச் சொல்லி யோசனை வரும். பகலில் டேலியும் ஜிஎஸ்டியும் பேங்க்கும், ராத்திரி பசங்க கேமும் ஒரே கம்ப்யூட்டரில் ஓடுகிற வீடுகள் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நிறைய. அங்கே அதை அணைக்கவே கூடாது. டிரைவர் இல்லாமலேயே அச்சும் பட்டனும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ரன் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் அடித்தால் சோதனை ஜன்னல் திறக்கும். அதில் எல்லாம் அசைந்து கேமில் மட்டும் அசையவில்லை என்றால் கோளாறு போர்ட்டில் இல்லை. பழைய பேடு பேசுவது டைரக்ட் இன்புட், 2005க்குப் பிந்தைய கேம்கள் பல எதிர்பார்ப்பது எக்ஸ்பாக்ஸ் 360யோடு வந்த எக்ஸ் இன்புட். ஸ்டீம் என்ற கேம் செயலியில் கேமைச் சேர்த்து ஸ்டீம் இன்புட்டை இயக்கினால் அதுவே மாற்றிக் கொடுக்கும்.

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வருகிற சாமானுக்கு ஒரு வேலை கூடுதல். பனியன் கம்பெனி பக்கத்து வீடுகளில் பஞ்சு எல்லா ஓட்டையிலும் ஏறியிருக்கும். டைப்-சி போர்ட்டின் அடியில் அமுங்கி உட்கார்ந்தால் பிளக் முழுசாக இறங்காது, லேசாக அசைத்தாலே இணைப்பு விடும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மரப் பல்குத்தியால் ஓரமாகச் சுரண்டி எடுங்கள், ஊசியோ பின்னோ வேண்டாம். வீலுக்குள் மோட்டார் தண்டில் இருக்கும் ஓட்டை போட்ட சின்னச் சக்கரத்திலும் அதே பஞ்சு அடைக்கும். அப்போது வீல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகவே இழுக்கும். காய்ந்த பிரஷால் தட்டி எடுத்த பிறகும் இழுத்தால், அந்தச் சக்கரம் விரிசல் விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.